பசு மாடு வாறதுக்குள்ள ஜாயிண்ட் காயணும்

ஏ மருமவனே, கிரகப்பிரவேசப் பத்திரிகை வந்து சேந்துச்சு. கெட்டித் தாள்ல, வீட்டுப் படத்தோட, பளபளன்னு அடிச்சிருக்க. வைகாசியோட கடைசி முகூர்த்தம், வெள்ளிக்கெழம விடியக்காலம் நாலரைக்கு மேல ஆறுக்குள்ள. அய்யருக்குச் சொல்லியாச்சு, மேளத்துக்குச் சொல்லியாச்சு, சமையலுக்கு அட்வான்ஸ் குடுத்தாச்சு, பசுவும் கன்னும் எந்தத் தெருவுல இருந்து வருதுங்கது வரைக்கும் பேசி முடிச்சாச்சுன்னு உங்கம்மா போன்ல மூச்சுவிடாம சொன்னா. போன வைக்கப்போற நேரத்துலதான் விசயம் வெளிய வந்துச்சு. "அடுக்களையும் பாத்ரூமும் செவ்வாக்கெழம டைல்ஸ் ஒட்டி முடிஞ்சிரும்ண்ணே. ஜாயிண்ட் அடைக்கது மட்டுந்தான் பாக்கி. வியாழக்கெழம ராத்திரி வீடு பூரா இவனே அடைச்சிருவானாம், செல்லுல பாத்துப் படிச்சிட்டானாம்"ன்னா.

சபாஷ். டைல்ஸ் தேடித் திருநெல்வேலி கடையெல்லாம் பத்தாதுன்னு மதுரை வரைக்கும் போனவன் நீ. மோர்பியில இருந்து வந்த சரக்கா, எத்தனை எம்.எம். கனம், மேட்டா கிளாஸியான்னு கடைக்காரனைத் தொளைச்செடுத்த. மாசக்கணக்கா தேடுன டைல்ஸுக்கு எடையில போற பொடிக்கு ஒரு ராத்திரி ஒதுக்கியிருக்க. ஒதுக்குனியே, அதே பெருசு. சில பேரு கொத்தனாரு கை கழுவப் போற நேரத்துல, "அண்ணாச்சி, அந்தச் சந்துல எதையாவது தேச்சு விட்டுட்டுப் போங்க"ன்னு சொல்லுததோட சரி.

சந்துன்னதும் ஞாபகம் வருது. உன் கொத்தனாரு ஹால்ல 3 எம்.எம். ஸ்பேசர் வச்சு ஒட்டிட்டாருன்னு நீ அவருகிட்ட மூஞ்சத் தூக்கிட்டுத் திரிஞ்சியாமே? "ஜாயிண்டே தெரியக் கூடாது, பூரா வீடும் ஒரே பாளமாத் தெரியணும்"னு கேட்டியாம். நல்ல ஆசை. அந்தாளு நீ சொன்னதக் கேட்டிருந்தாருன்னா, ரெண்டு மூணு வருசத்துல ஒரு நடுராத்திரி ஹால்ல படார்னு ஒரு சத்தம் கேட்டிருக்கும். லைட்டப் போட்டுப் பாத்தா ரெண்டு டைல்ஸ் ஓரத்தோட ஓரம் முட்டித் தூக்கிக்கிட்டு நிக்கும். நீ பூமி அதிர்ச்சிம்ப, உங்கம்மா செய்வினைம்பா, மந்திரவாதிக்கு ஒரு செலவு ஆயிருக்கும்.

செய்வினையும் இல்ல, ஒண்ணும் இல்ல. செராமிக் டைல்ஸுன்னா மண்ணைப் பொடியாக்கி, அச்சுல வச்சு அழுத்தி, 1,100 டிகிரிக்கு மேல சூளையில சுட்டு எடுக்கது. சுடுறப்போ சுருங்கும். எல்லாம் ஒண்ணுபோல சுருங்காது. ஒரே பெட்டியில எடுத்த ரெண்டு டைல்ஸை ஒட்டி நிறுத்தி ஓரத்துல நகத்த வச்சுத் தடவிப் பாரு, வித்தியாசம் நகத்துல தட்டும். அந்த ஏறுமாறை விழுங்கிக்கிடுதது சந்துதான். ஒட்டுன பொறவும் கத முடியல. சுட்ட மண்ணு காத்துல இருக்க ஈரத்த வருசக்கணக்கா பைய உறிஞ்சி, ஒரு துளி ஊதும். கீழ இருக்க சிமெண்ட் கலவை காஞ்சு காஞ்சு சுருங்கும். மேல ஊதுது, கீழ சுருங்குது, நடுவுல எடம் குடுக்க ஆளில்லன்னா ஒண்ண ஒண்ணு நெட்டித்தான் தள்ளும். சந்துல போற அந்தப் பொடி, கிரவுட்டு, கொஞ்சம் எடம் குடுக்கும். செவுத்தோரமா சுத்திவர ஒரு விரக்கடை விடாட்டாலும் அரை விரக்கடையாவது விட்டிருக்காரான்னு பாரு. விட்டிருந்தா அதுல கிரவுட்ட ரொப்பிராத, அப்படியே கெடக்கட்டும், ஸ்கர்ட்டிங் வந்து மறைச்சிரும். ஓரம் மெஷின்ல அறுத்துச் சமப்படுத்தின டைல்ஸுன்னா 2 எம்.எம். போதும். சந்தே விடாம ஒட்டுங்கன்னு கேக்கவனுக்கு நான் ஒரே பதில்தான் சொல்லுவேன்: தரையே வேண்டாம், பாய் விரிச்சுக்கிடு.

சரி, வியாழக்கெழம ராத்திரிக்கு வருவோம். அடுக்களை செவ்வாக்கெழமதான் ஒட்டி முடியுது. கீழ போட்டுருக்கது சிமெண்ட் கலவை, மேல சிமெண்ட் பால் ஊத்தி ஒட்டுதாரு. அதுல இருக்க தண்ணி எங்க போவும்? டைல்ஸ் மேல கண்ணாடிப் பூச்சு, கீழ கான்கிரீட். அது ஏறி வாறதுக்கு இருக்க ஒரே வழி அந்தச் சந்துதான். அந்த வாசலையும் நீ ஓடிப்போயி அடைச்சுப்புட்டா, ஈரம் உன் கிரவுட்டுக்குள்ளயே ஏறி, கலரைத் திட்டுத்திட்டா மாத்தி, உப்பா பூத்து நிக்கும். டைல்ஸ் பசையில ஒட்டுன எடம்னா 24 மணி நேரம் விட்டாப் போதும்னு பாக்கெட்டுல போட்டுருப்பான். சிமெண்ட் கலவையில ஒட்டுனதுன்னா அதுக்கும் மேல ரெண்டு மூணு நாள் விடுதது நல்லது. உன் ஹாலு போன வாரமே ஒட்டியாச்சு. அதனால ஹாலையும் பூஜை ரூமையும் நாளைக்கு, திங்கக்கெழமையே அடைச்சிரு. அடுக்களையும் பாத்ரூமும் விசேசம் முடிஞ்ச பொறவு.

"அடுக்களையில ஜாயிண்ட் தொறந்து கெடந்தா எங்கன மாமா பால் காய்ச்ச?"ன்னு கேப்ப. ஹால்ல காய்ச்சு. தென்கிழக்கு மூலையில நாலு செங்கல்ல அடுக்கி, மேல அடுப்ப வையி. அடுக்களைக் கதவச் சாத்தி ஒரு மாவிலையச் சொருகிரு. ஏன்னு எவனாவது கேட்டா வாஸ்துன்னு சொல்லு. அந்தச் சொல்லுக்கு மேல நம்ம ஊருல மறுபேச்சு பேசுத ஆளு இன்னும் பொறக்கல. தொறந்த சந்துல பாலும் நெய்யும் சிந்துனா, பொறவு எந்தக் கிரவுட்டும் அங்கன பிடிக்காது, அதுக்காகத்தான் இம்புட்டு வேசம்.

பொடிய ஊத்துததுக்கு முந்தி ஒரு சோலி இருக்கு, அத நீ பாத்த வீடியோவுல வேகமா ஓட்டியிருப்பான். ஒரு ஒத்த ரூவா காசை எடுத்துட்டு, முட்டி போட்டு, ஒவ்வொரு டைல்ஸா நாலு மூலையும் நடுவுமா தட்டு. கணீர்னு கேட்டா கீழ ரொம்பி இருக்கு. டொக்குன்னு பொள்ளலாக் கேட்டா அடியில காத்துதான் இருக்கு. அந்த எடத்துல சாக்பீஸ்ல ஒரு வட்டம் போட்டுக் கொத்தனாரைக் கூப்பிட்டுக் காட்டு, இப்பவே எடுத்து மாத்தச் சொல்லு. அடைச்ச பொறவு மாத்துனா சுத்தியிருக்க நாலுக்கும் சேதாரம். அடுத்து ஸ்பேசரைப் பூரா புடுங்கு. அது அங்கனயே கெடந்தா என்னன்னு நெனைக்காத, அது நிக்கித எடத்துல கிரவுட்டு கனமில்லாம மேலாக்கத்தான் நிக்கும், பொறவு பூராவும் அங்கன இருந்துதான் பேரும்.

சந்துல பால் சிமெண்ட் வழிஞ்சு மேல வரைக்கும் ஏறி இறுகியிருக்கும். ஹாக்ஸா பிளேடு ஒரு துண்ட எடுத்துத் துணியச் சுத்திப் பிடிச்சுக்கிட்டுச் சொரண்டு. டைல்ஸ் கனத்துல மூணுல ரெண்டு பங்கு ஆழமாவது காலியா இருக்கணும். பெயிண்ட் பிரஷ்ஷால தூசியத் தள்ளு. பத்துக்குப் பத்து ரூமுல ரெண்டடி டைல்ஸ் போட்டா உள்ளுக்குள்ள ஓடுத சந்து 80 அடி நீளம். ஒரு அடி டைல்ஸ் போட்டிருந்தா 180 அடி. உன் ஹாலு ரெண்டடி, தப்பிச்ச. பாத்ரூமு ஒரு அடி. அங்கன முட்டி தேயும்.

இப்போ பொடி. உங்க அப்பா காலத்துல குளிக்கிற ரூமு செவுத்துல மட்டும் சின்ன வெள்ளைச் சதுரம் ஒட்டுவாவ. இந்தியாவுல ஜான்சன் கம்பெனி 1958-ல டைல்ஸ் போட ஆரம்பிச்ச பொறவு, எந்தக் கம்பெனி டைல்ஸா இருந்தாலும் ஜான்சன் டைல்ஸுன்னே பேரு வச்சுக் கூப்பிட்டதும் உண்டு. அதுக்கு வெள்ளைச் சிமெண்ட்டக் கரைச்சுத் தேச்சாப் போதும்னு இருந்துச்சு. செவுரு, அதுல எவன் நடக்கப் போறான்? அந்தப் பழக்கத்துல தரைக்கும் வெள்ளைச் சிமெண்ட்டோட ஒரு பிடி கலர்ப்பொடிய அள்ளிப்போட்டுக் கொழைக்கது இன்னும் நடக்கு. வெள்ளைச் சிமெண்ட் மட்டும் தனியாக் கெடந்தா, காயையில சுருங்கி மயிரிழை மயிரிழையா வெடிக்கும், ஒரு மழைக்காலம் கழிஞ்சா வெளக்குமாத்தோட பொடிப்பொடியா வரும். கலர்ப்பொடியும் கைக்கணக்குல போடுததால, ஹாலு வாசல்ல ஒரு நெறம், சன்னல் பக்கம் ஒரு நெறம். கடையில விக்கித ரெடிமேட் கிரவுட்டுல பாலிமரும் கலரும் அளவாச் சேத்து வச்சிருக்கான். 3 எம்.எம். வரைக்கும் உள்ள சந்துக்கு மணல் இல்லாதது வாங்கு, அதுக்கு மேலன்னா மணல் கலந்தது.

எபாக்சின்னு ஒண்ணு இருக்குன்னு உன் மச்சான் சொல்லியிருப்பான். அவன் சொல்லுததுல உருப்படியானது எப்பவாவது ஒண்ணு இருக்கும், இது அதுல ஒண்ணு. பிசினு, கெட்டியாக்குத மருந்து, பொடி, மூணும் சேத்துக் கொழைக்கணும். தண்ணி ஏறாது, கறை ஏறாது. அடுக்களை மேடைக்கும் பாத்ரூமு தரைக்கும் அருமையான சாமான். வெல பல மடங்கு. அத விட, வைகாசி வெயில்ல அது இறுகுத வேகம் இருக்கே, நீ போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வச்சிட்டுத் திரும்பையில வாளியோட கல்லாயிருக்கும். டைல்ஸ் மேல படிஞ்சதத் தொடைக்காம விட்டா ஜென்மத்துக்கும் போவாது. அத வேலை தெரிஞ்ச ஆளுகிட்ட விடு. உனக்குச் சிமெண்ட் கிரவுட்டே போதும்.

கலரு? உன் பொண்டாட்டி ஐவரி எடுத்து வச்சிருக்காளாம். நல்ல கலரு, சாம்பார் ஊத்தாத வீட்டுக்கு. வாங்குன அன்னைக்கு ஐவரி, தீவாளிக்குப் பழுப்பு, பொங்கலுக்குள்ள அது என்ன கலருன்னு சொல்லத் தமிழ்ல வார்த்தை இருக்காது. சாம்பல் எடு. டைல்ஸ் நெறத்த விட ஒரு படி மங்கலா எடு. எந்த அழுக்கு எங்கன படிஞ்சிருக்குன்னு மாமியாராலயும் கண்டுபிடிக்க முடியாது, வீட்டுல சண்ட கொறையும். இத நான் சொன்னேன்னு மட்டும் உன் பொண்டாட்டிகிட்ட சொல்லிராத, அவ கையால நான் இன்னும் சாப்பிடணும்.

கலக்குததுக்குக் குடிக்கித தண்ணிய எடு. உங்க போர் தண்ணி உப்பு, அதுல குளிச்சாலே மேலுல வெள்ளையாப் பூக்கும், கிரவுட்டுல பூக்காதா? முதல்ல வாளியில தண்ணி, பொறவு பொடி. பொடிய முதல்ல கொட்டித் தண்ணிய மேல ஊத்துனா அடியில கட்டி கட்டியா நிக்கும். தண்ணி எம்புட்டுன்னு பாக்கெட்டுல போட்டிருக்க கணக்குக்கு மேல ஒரு சொட்டு சேக்காத. உளுந்தவடைக்கு ஆட்டுன மாவுப் பதம் வரணும், கரண்டியில அள்ளிச் சாச்சா விழாம நிக்கணும். கொழைச்சிட்டு அஞ்சு பத்து நிமிசம் சும்மா விடு. அந்த நேரத்துலதான் பொடி தண்ணியக் குடிச்சுத் தேறும். மறுபடி ஒரு கிண்டு கிண்டி வேலையத் தொடங்கு. பாதியில கெட்டியாகுதேன்னு, நம்ம கண்ணு மறைஞ்ச நேரத்துல சித்தாளுமாரு ஒரு சொம்பு தண்ணிய விட்டுக் கலக்குவாவ பாரு, அங்கனதான் கத கெடுது. கூடுதல் தண்ணி காஞ்சு போன எடம் பூரா ஊசி ஓட்டையா நிக்கும், கலரும் வெளுக்கும். கெட்டியானத வீசிட்டுப் புதுசாக் கொழை. அதனாலதான் சொல்லுதேன், ஒரு தடவைக்கு ஒரு கிலோ, அதுக்கு மேல ஆசைப்படாத. கையில உறை போட்டுக்கிடு. சிமெண்ட் தோலை அரிச்சிரும், வெள்ளிக்கெழம அந்தக் கையால நீ ஹோமத்துல நெய் விடணும்.

வெயில்காலம்லா, டைல்ஸ் ஓரம் காஞ்சு கெடக்கும். அடைக்கப்போற எடத்துல ஈரப் பஞ்ச ஒரு இழுப்பு இழுத்துட்டு ஆரம்பி. சந்துல தண்ணி தேங்கக் கூடாது, ஈரம் தட்டுனாப் போதும். தலைக்கு மேல ஃபேன் சுத்தக் கூடாது. வேர்க்கும், வேர்க்கட்டும். சன்னல் வழியா வெயில் விழுத எடத்துல ஒரு சாக்கக் கட்டி மறை.

உள்மூலையில தொடங்கி வாசலப் பாத்து வா. வாசல்ல தொடங்கி உள்ள போயி, சுத்திவர ஈரக் கிரவுட்டா ஆக்கிப்புட்டு, மூலையில ராத்திரி பூரா குத்தவச்சவனை நான் பாத்திருக்கேன். அவன் படிச்ச படிப்பு உன்ன விடப் பெருசு.

ஒரு ஆளு பாய் விரிச்சுப் படுக்கித அளவு எடத்த எடுத்துக்கிடு. ரப்பர் பலகை கடையில கெடைக்கும், வாங்கிக்கிடு. கொத்தனாருமாரு பழைய ரப்பர் செருப்ப அறுத்தே வேலைய முடிச்சிருவாவ, அவங்க கைக்கு அது வரும். கிரவுட்ட அள்ளி டைல்ஸ் மேல போட்டு, பலகையைப் பாதி சாச்சுப் பிடிச்சு, சந்துக்குக் குறுக்க, மூலைவாட்டத்துல அழுத்தித் தள்ளு. சந்தோட நீளத்துக்கே இழுத்தா பலகை ஓரம் உள்ள எறங்கி, வச்சத வழிச்சுக்கிட்டு வந்துரும். முதல்ல ஒரு தெச, பொறவு எதிர்த் தெச. அழுத்துதப்போ சந்துக்குள்ள இருந்து சின்னச் சின்னக் குமிழி வந்து உடையும், அது நின்னாத்தான் அடி வரைக்கும் ரொம்பியிருக்குன்னு அர்த்தம். மேலாக்கப் பூசி வழிச்சதும் பாக்க ஒரே அழகாத்தான் இருக்கும், ஆறு மாசத்துல உள்ளுக்குள்ள இருந்த பள்ளம் வாயத் தொறக்கும். ரொம்பியாச்சுன்னா பலகைய நெட்டக்குத்தலா நிமித்தி மேல நிக்கிததப் பூரா வழிச்செடு. எம்புட்டுக்கு வழிக்கியோ அம்புட்டுக்குத் தொடைக்கித வேலை மிச்சம்.

பொறவு கைய எடு. இங்கனதான் உன்ன மாதிரி ஆளுக்குக் கை நமநமங்கும். உடனே பஞ்சத் தூக்கிட்டுப் பாயப்படாது. பத்து நிமிசம், இருவது நிமிசம், வெயிலப் பொறுத்து. பெருவிரல சந்துல வச்சு அமுக்கிப் பாரு. விரல்ல ஒட்டிக்கிட்டு வந்தா இன்னும் நேரமாவல. விரல் ரேகை லேசா விழுந்து, விரல் சுத்தமா வந்தா நேரம் சரி. அமுக்குனாலும் ரேகையே விழலன்னா நீ டீ குடிக்கப் போயி ரொம்ப நேரமாச்சு.

ரெண்டு வாளி தண்ணி வையி. பஞ்ச முக்கி, பிழி. இன்னும் பிழி. சொட்டு நிக்கித வரைக்கும் பிழி, உன் மச்சான்கிட்ட இருந்து கடனை வசூலிக்கித வேகத்துல பிழி. சந்துக்குக் குறுக்க ஒரே ஒரு இழுப்பு. பஞ்சத் திருப்பு, அடுத்த பக்கத்துல ஒரு இழுப்பு. ரெண்டு இழுப்புக்கு ஒரு தடவை அலசு. முதல் வாளியில அழுக்க அலசி, ரெண்டாவது வாளியில நல்ல தண்ணியில முக்கிப் பிழி. தண்ணி கலங்குனா மாத்து. கலங்கல் தண்ணியில தொடைக்கவன் அழுக்க எடுக்கல, எடம் மாத்துதான். பஞ்சச் சொட்டச் சொட்ட வச்சுத் தேச்சா, சந்து மேல நிக்கித சிமெண்ட்டும் கலரும் கரைஞ்சு வாளிக்குப் போயிரும். சந்து நடுவுல குழி விழும். அந்தக் குழியில தூசி குடியேறும். கிரவுட்டு டைல்ஸ் ஓரத்துக்கு ஒரு மயிரிழை கீழ நின்னாச் சரி, அதுக்கு மேல பள்ளமாச்சுன்னா நீ தொடைக்கல, தோண்டியிருக்க.

தொடைச்ச பொறவும் டைல்ஸ் மேல வெள்ளையா ஒரு படலம் நிக்கும். பதறாத. ஒண்ணு ரெண்டு மணி நேரம் கழிச்சு, காஞ்ச பழைய பருத்தி வேட்டிய எடுத்து அழுத்தித் தேச்சாப் போயிரும். பாத்ரூமு டைல்ஸ் சொரசொரன்னு இருக்குலா, அதுல பொடி மேடு பள்ளத்துக்குள்ள பதுங்கிக்கிடும், அங்கன இன்னும் வெரசாத் தொடைக்கணும். மிச்சமிருக்க ஒரு டைல்ஸுல முதல்ல பூசித் தொடைச்சுப் பாத்துட்டு இறங்கு.

அந்தப் படலத்தப் பாத்துட்டு எவனாவது ஒரு பெரிய மனுசன், "ஆசிட் ஊத்து தம்பி, கண்ணாடியா வரும்"னு சொல்லுவான். அவன் வீட்டுக் கல்யாணத்துக்கு மொய் வைக்காத. சிமெண்ட்டுக்கு ஆசிட்டுதான் சத்துரு. ஊத்துனதும் புஸ்ஸுன்னு நுரை கெளம்பும், அழுக்கு போகுதுன்னு நீ சந்தோசப்படுவ. நுரைக்கது அழுக்கில்ல, நீ முட்டி தேஞ்சு அடைச்ச ஜாயிண்ட்டு. குடியிருக்க வந்த பொறவும் வாரத்துக்கு ஒருக்க ஆசிட்ட ஊத்திக் கழுவுத வீட்டுல, நாலு வருசத்துல சந்து மறுபடியும் சந்தாயிரும்.

செவுரும் தரையும் சந்திக்கித மூலை, செவுரும் கடப்பா மேடையும் சந்திக்கித எடம், அங்கெல்லாம் கிரவுட்டு வேண்டாம். ரெண்டும் ரெண்டு தெசையில அசையும், சிமெண்ட் வெடிச்சிரும். அதே கலர்ல சிலிக்கான் ட்யூப் வாங்கி இழுத்து விடு. இன்னொண்ணு, கிரவுட்டு போட்டாச்சு, இனி பாத்ரூமுல இருந்து கீழ தண்ணி எறங்காதுன்னு நெனப்பு இருந்தா அத இப்பவே விடு. சிமெண்ட் கிரவுட்டு தண்ணியக் குடிக்கும். தண்ணியத் தடுக்க வேண்டியது டைல்ஸுக்கு அடியில போட்டிருக்க வாட்டர்புரூஃப் பூச்சு. அத போட்டியான்னு நான் கேக்கல. வெள்ளிக்கெழம நல்ல நாளு, நீ முழிக்கித முழிய நான் பாக்க வேண்டாம்.

அடைச்ச எடத்துல ஒரு நாள் முழுசா யாரும் நடக்கப்படாது. உங்கம்மா சாயங்காலம் வெளக்குமாறும் வாளியுமா வருவா, "வீடு என்னல இப்படிக் கெடக்கு"ன்னு. வாசல்லயே மறிச்சு, அத்தை வீட்டுக்கு அழைக்கப் போகச் சொல்லு. மறுநாள்ல இருந்து ரெண்டு மூணு நாளு, காலையும் மாலையும் ஈரப் பஞ்சால சந்த லேசா ஒத்தி விடு, வெயில்ல வெரசாக் காஞ்சா வெடிக்கும். பிளாஸ்டிக் தாளை விரிச்சு மூடாத, ஈரம் அங்கங்க நின்னு கலரு திட்டாயிரும்.

திங்கக்கெழம அடைச்சா வெள்ளிக்கெழம ஹாலு தாங்கும். ஆனா தாங்கும்னு சொன்னேனே தவிர, அன்னைக்கு வீட்டுக்குள்ள என்னல்லாம் நடக்கப் போவுதுன்னு யோசிச்சுப் பாத்தியா? ஹோமகுண்டத்த நேரா டைல்ஸ் மேல வைக்க விடாத, சூட்டுல டைல்ஸே விரிஞ்சிரும். மணல் பரப்பிச் செங்கல் அடுக்கி அதுக்கு மேல வையி. ஆரத்தித் தட்டு இருக்கு பாரு, மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த செவப்புத் தண்ணி, அது உன் வீட்டுக்கு வாற கண்ணேறு அம்புட்டையும் கழிச்சுப்புட்டு, சிந்துனா உன் கிரவுட்டுல தங்கிரும். மஞ்சக்கறை சிமெண்ட்டுக்குள்ள எறங்குச்சுன்னா பேரப்பிள்ளை காலம் வரைக்கும் நிக்கும். ஆரத்திய நடைக்கு வெளிய எடுக்கச் சொல்லு, முறைப்படியும் அதுதான். பசுவ ஹாலு முழுக்கச் சுத்தவிடாம நடையில நிறுத்தி ஒரு வாழைப்பழத்தக் குடுத்து அனுப்பு. வழுக்குத தரையில அது காலு பரத்தி நிக்கிதது அதுக்கும் பாவம், மிரண்டுபோயி அது போடப்போறது உன் ஜாயிண்ட்டுக்கும் பாவம்.

ம், இன்னொண்ணு. மிச்சமிருக்க கிரவுட்டுப் பொடிய அப்படியே சாக்குல சுருட்டி மொட்டை மாடியில போட்டுராத, சாரல் காத்து பட்டாலே கட்டியாயிரும். காத்துப் போகாத டப்பாவுல போட்டு, பாக்கெட்டுல இருக்க கலர் நம்பரை டப்பா மேல எழுதி, மிச்ச டைல்ஸ் நாலஞ்சோட பரண்ல ஏத்திரு. பின்னால ஒண்ண ஒடச்சு மாத்த வேண்டி வந்தா அதே நெறம் கடையில கெடைக்காது. அடுத்த மாசம் உன் மச்சான் வருவான், "மாப்ள, மிச்சப் பொடி இருக்காமே"ம்பான். பரண் சாவி அம்மாகிட்ட இருக்குன்னு சொல்லிரு. அம்மாகிட்ட கேட்டா, அவ அண்ணன்கிட்ட இருக்குன்னு சொல்லுவா. நான் போன எடுக்க மாட்டேன்.